நாற்பது சென்ட் ஜாமீன்

பெண்பிள்ளை பணம் கேட்டு வழக்குப் போட்டால் ஜாமீன் கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பது நாகவல்லிக்குத் தெரிய வந்த நேரத்தில், அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சேதியைக் கொண்டுவந்தவர் அவளுடைய வக்கீல் இக்னேஷியஸ். பூந்தமல்லியிலிருந்து கோவில்பதாகைக்கு ஆனி மாத வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர், ஷெட்டு நிழலில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். நல்ல சேதியாக இருந்தால் தண்ணீருக்கு முன்னாலேயே சொல்லியிருப்பார் என்று நாகவல்லிக்குப் புரிந்துவிட்டது.

எதிராளியான பம்பு கம்பெனி ஒரு மனு போட்டிருந்தது. வழக்குப் போட்டவர் பெண். இந்தியா பூராவும் தேடினாலும் அவர் பேரில் ஒரு சாண் நிலமோ ஒரு கூரை வீடோ கிடையாது. நாளைக்கு அவர் தோற்றால் கம்பெனிக்கு ஆன கோர்ட்டுச் செலவை யாரிடம் போய் வசூலிப்பது? ஆகவே முதலில் ஜாமீன் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுக்காவிட்டால் வழக்கைத் தள்ளிவிடுங்கள் என்பது மனு. முன்சீப் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு நான்கு வாரம் கெடு வைத்து உத்தரவு போட்டுவிட்டார்.

"ஆம்பள போட்ட கேசா இருந்தா?" என்று நாகவல்லி கேட்டாள்.

"இப்படிக் கேட்க முடியாதும்மா."

"அந்த ஆம்பளைக்குக் கட்டிக்கக் கோமணம் கூட இல்லன்னா?"

"இல்லைன்னாலும் கேட்க முடியாது," என்றார் இக்னேஷியஸ், தானே எழுதிய சட்டம் போலத் தலையைக் குனிந்துகொண்டு.

நாகவல்லி எழுந்து போய்க் குழம்பை இறக்கி வைத்தாள். கோபம் வந்தால் அவள் கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். வக்கீலுக்குச் சோறு போட்டாள். அவரும் கூச்சப்படாமல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நான்கு வாரத்துக்குள் யாராவது நிலம் உள்ளவரைப் பிடியுங்கள் என்று சொல்லிக் கிளம்பினார்.

ஷெட்டு என்று சொன்னதும் பெரிதாக எதையும் நினைத்துவிடக் கூடாது. வாடகை வீட்டுச் சுவரோடு ஒட்டி இறக்கிய தகரக் கூரை. அதன் கீழே இரண்டு கைபிரஸ், ஒரு தகடு வெட்டும் மிஷின், நாலு பெண்கள். பித்தளைத் தகட்டைப் பட்டையாக வெட்டி அச்சின் மேல் வைத்து, குண்டு மாட்டிய இரும்புக் கையைச் சுற்றி இழுத்தால் கீழே ஒரு வாஷர் விழும். பம்புக்குள்ளே தண்ணீர் கசியாமல் இருக்க அந்த வாஷர் வேண்டும். காலையிலிருந்து பொழுது சாயும் வரை அந்தக் கையை இழுக்கிறவளுக்குத் தோள்பட்டை கழன்று விழுந்தாலும் தெரியாது. சித்திரை வைகாசியில் தகரத்தின் சூடு தலையில் இறங்கும். அப்போது ஈரத் துணியைத் தலைக்குச் சுற்றிக்கொண்டு வேலை செய்வார்கள்.

நாகவல்லியின் புருஷன் செங்கல்வராயன் ஆவடியில் சர்க்கார் தொழிற்சாலையில் ஃபிட்டர். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் சொந்தத் தொழில் பார்க்கக் கூடாது என்பதால், அச்சு செய்து கொடுத்தது அவன், லைசென்ஸ் எடுத்தது பெண்டாட்டி பேரில். பேருக்குத்தான் என்று ஆரம்பித்தது ஆறே மாதத்தில் நிஜமாகிவிட்டது. தகட்டு வியாபாரியிடம் பேரம் பேசுவது, அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவது, வேலைக்கு வந்த பெண்களுக்குச் சனிக்கிழமை கூலி போடுவது எல்லாம் அவள்தான். செங்கல்வராயன் ஷிப்ட் முடிந்து வந்து அச்சைச் சாணை பிடிப்பதோடு சரி.

எழுபதாம் வருஷம் அந்தப் பம்பு கம்பெனிக்கு நான்கு தடவை சரக்குப் போட்டாள். ஆடியில் ஒன்று, ஆவணியில் ஒன்று, ஆயுத பூஜை கழித்து இரண்டு. ஒவ்வொரு தடவையும் கம்பெனி வாசல் கேட்டில் சரக்குச் சீட்டைக் கொடுத்து, "பெறப்பட்டது, சோதனைக்கு உட்பட்டு" என்று முத்திரை வாங்கி வந்தாள். தை பிறந்ததும் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்கு தடவை போட்ட சரக்கும் கனம் குறைவு, சோதனையில் கழிக்கப்பட்டது, ஏழு நாளில் வந்து எடுத்துப் போகவும். எடுத்துப் போகலாம் என்று போனால் அங்கே ஒரு வாஷரும் இல்லை. எல்லாம் பம்புக்குள் உட்கார்ந்து பம்பாய் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. போன சரக்குக்குத்தான் பணம் கேட்டு நாகவல்லி பூந்தமல்லி முன்சீப் கோர்ட்டுக்குப் போனாள்.

அன்றைக்கு இரவு ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த செங்கல்வராயனிடம் ஜாமீன் விஷயத்தைச் சொன்னாள். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டுக்கொண்டான். வழக்காடி ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்றான். கேஸ் கேஸ் என்று ஊர் முழுக்கப் பேச்சானால் தன் ஆபீசில் கூப்பிட்டு, இந்த ஷெட்டு யாருடையது என்று கேட்பார்கள் என்றான். அவன் பயமும் பொய்யில்லை. பதினோரு வருஷ வேலை அது.

"உட்டுடு நாகு. போனது போவட்டும். வேற கம்பெனிக்குப் போடலாம்."

"சரக்கு மட்டமுன்னு எழுதிக்கீறான்யா. எஸ்டேட்டு பூரா அத்தச் சொல்லிகினு திரியறான். இப்ப உட்டா வேற எவன் வாங்குவான்? நீ அடிச்ச அச்சு அது. கனம் கம்மின்னு ஒத்துக்கினு வூட்ல குந்தச் சொல்றியா?"

 தான் செய்த அச்சில் குறை என்று எவனாவது சொன்னால் செங்கல்வராயனுக்கும் பொறுக்காது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் அந்த இடத்தில் தொட்டாள். அவன் தூக்குச் சட்டியை எடுத்து சைக்கிள் ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஆனால் மறுபடி விட்டுவிடு என்று சொல்லவில்லை.

மூன்று வாரம் அலைந்தாள். நிலம் உள்ள உறவுக்காரர்கள் எல்லோருக்கும் திடீரென்று பத்திரம் பீரோவில் பூட்டிக்கொண்டது, சாவி தொலைந்துவிட்டது. ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் நன்றாக விருந்து போட்டுவிட்டு, பொம்பளைக்கு எதுக்கும்மா கோர்ட்டு வாசல் என்றார். சட்டமும் சித்தப்பாவும் ஒரே மாதிரி பேசுகிறார்களே என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை ஷெட்டில் சாப்பாட்டு நேரம். கன்னியம்மா சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். பாரிவாக்கத்திலிருந்து நடந்தும் பஸ்ஸிலுமாக வந்து போகிறவள். நாகவல்லியைவிட ஏழெட்டு வயது மூத்தவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. நாள் முழுக்கப் பிரஸ் இழுத்தாலும் வாய் மட்டும் ஓயாது. 

"இன்னா மே, மூணு வாரமா மொகம் செத்துப்போயி கீது?" என்றாள் கன்னியம்மா, கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு.

நாகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் ஜாமீன் கொடுக்காவிட்டால் வழக்கு முடிந்தது என்றும் சொன்னாள்.

"எவ்ளோ நெலம் ஓணும்?"

"எவ்ளோ இருந்தாலும் பரவால்லன்னாரு வக்கீலு. அவங்க செலவுக்கு ஈடா இருந்தா போதும்."

"எங்கிட்ட நாப்பது சென்ட் கீது."

ஷெட்டில் இருந்த மற்ற மூன்று பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளிக்குக் கால் வைக்க மண் இல்லை, கூலிக்கு வருகிறவளுக்கு நாற்பது சென்ட் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. கன்னியம்மாவே சிரித்தாள். அவளுடைய அப்பனுக்கு ஒரே பெண். சாகும்போது மேட்டு நிலத்தை அவள் பேருக்கு எழுதி ரிஜிஸ்தர் செய்துவிட்டுப் போயிருந்தார். கிணறு கிடையாது. மழை பெய்தால் நாலு மூட்டை வேர்க்கடலை, பெய்யாவிட்டால் நெருஞ்சி முள்.

"எனக்கு நெலம் கீதுன்னு எவனுக்குத் தெரியும்? எனக்கே வருசத்துக்கு ஒருக்கா தீர்வ கட்றப்பதான் ஞாபகம் வரும்."

"வாணாம்க்கா. கேஸ் தோத்துப் போச்சுன்னா அந்த நெலத்து மேல கை வெப்பாங்க. அப்புறம் நான் ஒன் மொகத்துல எப்டி முழிப்பேன்?"

"தோத்துப் போற மாரி சரக்கா அடிச்சோம்? நீ அடிச்சியா, நான் அடிச்சேன். அத்தினி வாஷரும் இந்தக் கை இழுத்தது." கன்னியம்மா வலது தோளைத் தட்டிக் காட்டினாள். "பொம்பளைக்கு மண்ணு இல்லன்னு தானே எழுதிக்கீறான்? ஒரு பொம்பள பத்திரத்தயே எட்துகினு போயி அவன் மூஞ்சிக்கு நேரா வையி."

 அழுதால் கன்னியம்மா திட்டுவாள் என்று நாகவல்லி எழுந்து போய்ப் பிரஸ்ஸுக்கு எண்ணெய் விட்டாள். தேவையே இல்லாமல் நிறைய விட்டாள். பிற்பகல் முழுக்க அது தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

வில்லங்கச் சான்று எடுத்து, ஜாமீன் பத்திரம் எழுதி, வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் பூந்தமல்லிக்குப் போனார்கள். கன்னியம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். கோர்ட்டு குமாஸ்தா நிலப் பத்திரத்தை இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, நிலம் யாருடையது, புருஷனுடையதா என்று கேட்டார். என் பேர் எழுதிக்கீதே, படிக்கத் தெரியாதா சாமி என்றாள் கன்னியம்மா. அவள் கட்டைவிரலில் மை தடவி ஜாமீன் பத்திரத்தில் ஒற்றினாள், நிலப் பத்திரம் கோர்ட்டிலேயே தங்கிவிட்டது. கம்பெனி வக்கீல் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் இரண்டு பேரும் இட்லிக் கடையில் வடகறி வாங்கி நிறையச் சாப்பிட்டார்கள். அன்றையிலிருந்து நாகவல்லிக்கு வழக்கில் தோற்பது என்றால் அந்த நாற்பது சென்ட்டை இழப்பது என்று ஆகிவிட்டது. சில நாள் வேலைக்கு நடுவில் கன்னியம்மாவின் தோளைப் பார்த்ததும் எண்ணிக்கொண்டிருந்த வாஷர் கணக்கு விட்டுப்போகும்.

அதற்குப் பிறகு புத்தகங்களைக் கேட்கும் படலம். வாசலில் வந்த சரக்கை எழுதும் கம்பெனியின் கேட் புத்தகத்தையும், அதைச் சோதித்து எழுதும் சோதனைப் புத்தகத்தையும் கோர்ட்டில் காட்டச் சொல்லி இக்னேஷியஸ் மனு போட்டார். சரக்கு கழிக்கப்பட்டது என்றால் கழித்த அன்றைக்கே எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும் அல்லவா? முதல் வாய்தாவில் அந்தப் புத்தகங்கள் தேவையில்லை என்றார்கள். இரண்டாவது வாய்தாவில் தேடுகிறோம் என்றார்கள். மூன்றாவது வாய்தா ஐப்பசியில். அடைமழை, பூந்தமல்லி ரோடெல்லாம் தண்ணீர். நாகவல்லி புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். கம்பெனி வக்கீல் வரவில்லை, அவருடைய ஜூனியர் வந்து இன்னொரு மாதம் கேட்டார். முன்சீப் நனைந்து நின்றவளையும் நனையாமல் நின்றவரையும் பார்த்தார். இரண்டு வாரத்தில் புத்தகங்கள் வராவிட்டால் கம்பெனியின் எதிர்வாதத்தையே அடித்துவிடுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரத்தில் புத்தகங்கள் வந்தன. வந்ததும்தான் இக்னேஷியஸுக்கு முகம் வெளுத்தது.

பார்வையிட அனுமதி வாங்கி, கோர்ட்டு ஆபீசில் தலைமை குமாஸ்தாவின் மேஜைக்கு எதிரே அவரும் நாகவல்லியும் உட்கார்ந்தார்கள். சோதனைப் புத்தகம் ஜூலையில் ஆரம்பித்து டிசம்பரில் முடிந்திருந்தது. நாள், சீட்டு நம்பர், கனம், முடிவு என்று கட்டம் கட்டி இங்கிலீஷில் அழகாக எழுதியிருந்தது. நாகவல்லியின் சரக்கு வரும் இடம் நான்கிலும் சிவப்பு மசியில் கழிக்கப்பட்டது என்று இருந்தது. ஓரமெல்லாம் பழுத்து, நாள்பட்ட புத்தகம் போலவே இருந்தது. இக்னேஷியஸ் ஒவ்வொரு வரியாகப் படித்தார். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, விட்டுப்போன தேதி இல்லை. இப்படிப்பட்ட ஒன்றை வைத்துக்கொண்டு ஏன் மூன்று வாய்தா ஒளித்தார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

நாகவல்லிக்கு இங்கிலீஷ் தெரியாது. கேட் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். அப்புறம் சோதனைப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தாள். மறுபடி கேட் புத்தகம். மறுபடி சோதனைப் புத்தகம்.

"பொட்டு எங்க சார்?" என்றாள்.

"என்ன பொட்டு?"

அவள் கேட் புத்தகத்தின் முதல் பக்கத்து மேல் மூலையைக் காட்டினாள். சந்தனம் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது, நடுவில் குங்குமம் கறுத்துப் போயிருந்தது. பிறகு குமாஸ்தா காதில் விழாமல், அந்த வருஷத்து ஆயுத பூஜையைப் பற்றிச் சொன்னாள்.

கம்பெனியில் சரக்குப் போடுகிறவர்களை எல்லாம் பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பொரி, கடலை, வாழைப்பழம். மிஷினுக்கெல்லாம் வாழைக் கன்று கட்டி மாலை போட்டிருந்தது. பூஜை ஏற்பாடு எப்போதும் ஸ்டோர் கீப்பர் ஜானகிராமனுடையது. பக்திமான். மற்ற நாளில் சரக்கைச் சிடுசிடுவென்று வாங்குகிறவர் அன்றைக்கு மட்டும் வேட்டி கட்டிக்கொண்டு சிரித்த முகமாக இருப்பார். புத்தகங்களுக்குப் பொட்டு வைக்க வழக்கமாக அவர் பெண்டாட்டி வருவாள். அந்த வருஷம் அவள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். நாகவல்லியிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, சுமங்கலி கையால் வையுங்கள் என்றார். அட்டையில் வைக்கப் போனவளைத் தடுத்து, கறுப்பு அட்டையில் தெரியாது, முதல் பக்கத்து மேல் மூலையில் வையுங்கள், அதுதான் இங்கே வழக்கம் என்றார். மேஜை கொள்ளாமல் அடுக்கியிருந்த அத்தனை புத்தகத்துக்கும் அவள்தான் வைத்தாள். ஒன்றும் விடாமல் அவரே பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தார்.

"ஜூலையில ஆரமிச்ச பொஸ்தகம்னா பூஜைக்கு இருந்திருக்கணுமே சார். நான் இதுக்கு வெக்கல. நான் வெக்காத பொஸ்தகம் அங்க ஒண்ணு கூட இல்ல."

இக்னேஷியஸ் கத்தோலிக்கர். பக்கத்து வீட்டிலிருந்து வருகிற பொரிப் பொட்டலத்தோடு அவருடைய ஆயுத பூஜை முடிந்துவிடும். கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பொட்டு இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. சிறிது நேரம் இரண்டு பக்கங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவருக்கு மெல்லச் சிரிப்பு வந்தது. குமாஸ்தா நிமிர்ந்து பார்த்ததும் இருமல் போல அதை மாற்றிக்கொண்டார்.

"இத யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றார் வெளியே வந்ததும். "புத்தகம் கோர்ட்டுப் பூட்டுல இருக்கு, இனி யாரும் பொட்டு வைக்க முடியாது. ஆனா பொட்டு சட்டத்துல கிடையாதும்மா. அந்த ஸ்டோர் கீப்பர் வாயிலேருந்து வரணும்."

விசாரணை மாசியில் வந்தது. அன்றைக்குச் செங்கல்வராயன் லீவு போட்டுவிட்டு வந்தான். வருகிறேன் என்று முன்னாலேயே சொல்லவில்லை. நாகவல்லி பஸ்ஸை விட்டு இறங்கிக் கோர்ட்டு வளாகத்துக்குள் நுழைந்தபோது, வேப்ப மரத்தடியில் எலுமிச்சஞ் சோற்றுத் தூக்கோடு நின்றிருந்தான். ஆபீசில் கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டாள். அச்சு நான் செய்தேன், தொழில் அவள் செய்கிறாள் என்று சொல்லிவிடுவேன் என்றான். கன்னியம்மா அதே கல்யாணச் சேலையில் வந்திருந்தாள்.

ஜானகிராமன் கூண்டில் ஏறினார். நெற்றியில் பளிச்சென்று நாமம். புத்தகம் கம்பெனியில் வழக்கமாக வைக்கப்படுவது, தன் கையெழுத்து, அந்தந்த நாளிலேயே எழுதியது என்று கம்பெனி வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று சொல்லி முடித்தார். அப்புறம் இக்னேஷியஸ் எழுந்தார். எழுந்தவர் வாஷரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை உண்டா என்று கேட்டார்.

கம்பெனி வக்கீல் ஆட்சேபித்தார். முன்சீப் பார்க்கலாம் என்றார்.

ஜானகிராமனுக்கு அது பிடித்த விஷயம். பதினைந்து வருஷமாகத் தன் பொறுப்பில் நடக்கிறது என்றார். சந்தனம் கடையில் வாங்குவதில்லை, தானே கட்டையில் உரைப்பதாகச் சொன்னார். மிஷினுக்கு மட்டும்தானா, புத்தகங்களுக்கும் உண்டா என்று கேட்டபோது அவருக்குக் கொஞ்சம் ரோஷமே வந்தது.

"எல்லாப் புத்தகத்துக்கும் உண்டு சார். முதல் பக்கத்துல பொட்டு வெச்சு சாமி முன்னாடி அடுக்குவோம். ஒண்ணு கூட விடமாட்டோம். விட்டா அந்தக் கணக்கு விளங்காது."

"எழுபதாம் வருஷமும் அப்படித்தானா?"

"அப்படித்தான். அந்த வருஷம் இந்தம்மாதான் பொட்டு வெச்சாங்க," என்று நாகவல்லியைக் கைகாட்டினார்.

இக்னேஷியஸ் கேட் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து முதல் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தார், இருக்கிறது என்றார். அப்புறம் சோதனைப் புத்தகத்தைக் கொடுத்தார்.

ஜானகிராமன் அதைத் திறக்கவே இல்லை. அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கோர்ட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் ஏதோ நடக்கிறது என்று தெரிந்தது, என்ன என்று நாகவல்லிக்கும் அவருக்கும் இக்னேஷியஸுக்கும் மட்டும்தான் தெரியும். நாகவல்லி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கன்னியம்மாவின் நாற்பது சென்ட் அந்த மனுஷன் நாக்கு நுனியில் நின்றது.

"முதல் பக்கத்தில் பொட்டு இருக்கிறதா?"

"இல்லை."

"இந்தப் புத்தகத்தைப் பூஜையில் வைத்தீர்களா?"

"வெக்கலை."

முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். ஜூலையில் ஆரம்பித்த புத்தகம் அக்டோபரில் ஏன் பூஜைக்கு வரவில்லை என்று அவரே கேட்டார். குரலைக் கூட உயர்த்தவில்லை. ஜானகிராமன் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேனேஜரைப் பார்த்தார். பிறகு தன் வலது கை விரல்களைப் பார்த்தார்.

"அப்போ இந்தப் புத்தகமே இல்லைங்க," என்றார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். முன்சீப் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதுகிற சத்தம் நாகவல்லிக்குக் கேட்டது. கன்னியம்மா மட்டும் ஒன்றும் விளங்காமல், இன்னா சொல்றான் அந்த ஆளு, ஜெயிச்சுட்டோமா என்று செங்கல்வராயனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்தால் அழுதுவிடுவான் போலிருந்தது. தலையை மட்டும் ஆட்டினான்.

வெளியே வேப்ப மரத்தடியில் ஜானகிராமன் தனியாக நின்றிருந்தார். மேனேஜர் அவரை ஏற்றாமலே காரில் போய்விட்டார். நாகவல்லியைப் பார்த்ததும் ஒதுங்கப் போனவர், என்னவோ நினைத்துக்கொண்டு நின்றார். அவராகவே சொன்னார். வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு எழுதச் சொன்னார்களாம். பழைய புத்தகம் மாதிரி இருக்க டீத் தண்ணீரைத் தொட்டு ஓரத்திலெல்லாம் தடவினாராம்.

"பொட்டு ஞாபகம் இல்லாம இல்லம்மா. சந்தனம் கூட உரைச்சு வெச்சேன். சாமி பார்க்காத புத்தகத்துக்குச் சாமி பார்த்த மாதிரி வெக்கறதுக்குக் கை வரலை."

"எழுதறதுக்கு மட்டும் கை வந்துச்சா?" என்று கேட்டாள் நாகவல்லி.

 அவரைத் திட்ட வேண்டும் என்று அந்தப் புத்தகத்தைப் பார்த்த நாளிலிருந்து அவள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வாயில் வரவில்லை. தூக்கில் மீதியிருந்த எலுமிச்சஞ் சோற்றை அவரிடம் கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அவ்வளவு பெரிய மனசு தனக்குக் கிடையாது என்று முடிவு செய்து, கன்னியம்மாவுக்குக் கொடுத்தாள்.

பங்குனியில் தீர்ப்பு. கேட்ட தொகை முழுவதும், வட்டியோடு. இரண்டு தரப்புக் கோர்ட்டுச் செலவும் கம்பெனி தலையில். பெண்பிள்ளை தோற்றால் செலவை யார் கொடுப்பது என்று கேட்டவர்கள், ஜெயித்தால் யார் கொடுப்பது என்று கேட்க மறந்துவிட்டார்கள், அதற்கும் விடை தீர்ப்பிலேயே இருந்தது. பொட்டு வைக்காத புத்தகம் என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு. டீக்கடையில் நின்றால் தெரியாதவர்கள் கூட, அந்த வாஷரம்மா நீங்கதானா என்று கேட்டார்கள். ஆடிக்குள் மூன்று புதுக் கம்பெனிகள் சரக்குக் கேட்டு ஆள் அனுப்பின. மூன்றாவது கைபிரஸ் வந்தது. செங்கல்வராயனை ஆபீசில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஃபோர்மேன் மட்டும், உன் பெண்டாட்டியிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இரு என்று சொல்லிச் சிரித்தாராம்.

ஜாமீனை ரத்து செய்து, கன்னியம்மாவின் பத்திரத்தைக் கோர்ட்டிலிருந்து திருப்பி வாங்குவதற்குள் புரட்டாசி ஆகிவிட்டது. அதை வாங்கி வந்த மூன்றாம் நாள் ஆயுத பூஜை.

காலையிலேயே ஷெட்டைக் கழுவி, மூன்று பிரஸ்ஸுக்கும் எண்ணெய் துடைத்து, கோலம் போட்டு, வாழைக் கன்று கட்டினார்கள். செங்கல்வராயன் அச்சுகளைப் பாலீஷ் போட்டு வரிசையாக வைத்தான். பொரி மூட்டை பிரித்தாயிற்று. அதில் ஒரு பொட்டலத்தை நாகவல்லி தனியாகக் கட்டி, ஜானகிராமனுக்கு வேலை போய்விட்டதாம், அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வா என்று புருஷனிடம் நீட்டினாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பார்க்காதே, போ என்றாள்.

சீட்டுப் புத்தகம், கூலிப் புத்தகம், தகட்டுக் கணக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்து முதல் பக்கத்தில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு கன்னியம்மா இடுப்பிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே நிலப் பத்திரம். கோர்ட்டு முத்திரை மேலே ஏறியிருந்தது.

"இதுக்கும் வையி," என்றாள்.

"பத்திரத்துக்கு யாராவது பொட்டு வெப்பாங்களாக்கா? அழுக்காயிடும்."

"ஆவட்டும். நாளைக்கு எவனாவது நம்பளயும் மண்ணு இல்லாதவன்னு எழுதிக் குடுத்தான்னா, தூக்கிக் காட்டணும்ல." கன்னியம்மா பத்திரத்தை அவள் முன்னால் விரித்து நீவிவிட்டாள். "மூலைல கீலைல வாணாம். என் பேரு எழுதிக்கீற எடத்தாண்ட வையி."

கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நாகவல்லி பத்திரத்தில் அவள் பேரைத் தேடிக் கண்டுபிடித்து, எழுத்து மறையாமல் அதன் தலைமேல் பொட்டு வைத்தாள்.